காற்றுக்கு நிற்கும் வீடு

பலத்த காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரையை மேல்நோக்கியும் இழுக்கிறது. கூரை பறந்துவிட்டால் சுவருக்குப் பிடிமானம் இல்லை. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவும் இந்தப் பாடத்தைப் பெரும் இழப்பின் பின்னரே படித்தது. அங்கு தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து, வாகனத்தால் இழுத்துவந்து காணியில் நிறுத்தும் வீடுகள் உண்டு. விலை குறைவு என்பதால் முதியோரும் வருமானம் குறைந்த குடும்பங்களும் அவற்றை நாடுகின்றனர். 1976 முதல் அவற்றுக்கு நாடு தழுவிய கட்டட விதிகள் இருந்தும், 1992 ஆகஸ்ட்டில் வீசிய அன்ட்ரூ சூறாவளியில் புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் நகரில் இத்தகைய 1176 வீடுகளில் 1167 முற்றாக அழிந்தன.

அதன் பின் வீடமைப்புத் திணைக்களம் விதிகளைக் கடுமையாக்கியது. 1994 ஜூலை முதல் நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. மிக ஆபத்தான கரையோர வலயத்துக்குரிய வீடு மணிக்கு 110 மைல், அதாவது ஏறத்தாழ 177 கிலோமீற்றர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். விலை கூடும் என்று உற்பத்தியாளர்கள் வழக்காடினர். 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதிகளை நிலைநிறுத்தியது.

விதிகளின் சாரம் எளியது. கூரை சுவரோடும், சுவர் தரையோடும், தரை நிலத்தில் இறுக்கிய நங்கூரங்களோடும் தொடர்ச்சியாகப் பிணைக்கப்பட வேண்டும். ஓர் இணைப்பு தளர்ந்தாலும் மற்றவை பயன்தரா. 2004 இல் சார்லி சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பழையவற்றை விட நன்றாகத் தாக்குப்பிடித்தன. பின்னர் ஒட்டிக் கட்டிய வாகனக் கொட்டில்களும் முன்விறாந்தைகளும் பிய்ந்துபோனபோதே அவற்றுள் பல சேதமுற்றன.

என் மனதை உறுத்துவது ஒன்று. 1994 க்கு முன் கட்டிய வீடுகளை இவ்விதிகள் தொடவில்லை. புது வீடு வாங்க வசதியற்றவர்களே அவற்றில் தங்கிவிடுகின்றனர். சட்டம் வந்தாலும் பாதுகாப்பு ஏழையிடம் கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது.

சகோதரிகளே, உதவித் திட்டத்தில் கிடைக்கும் வீடானாலும் கூரையையும் சுவரையும் எது பிணைக்கிறது என்று மேசனிடம் கேளுங்கள். கூரைத் தகடு போடுமுன் நேரில் பாருங்கள். பிற்பாடு தாழ்வாரம் இறக்கினால் அதையும் தனியாக இறுக்கச் சொல்லுங்கள். உள்ளே உறங்கப்போவது நம் பிள்ளைகள். கேட்க நமக்கு உரிமை உண்டு.