காக்கையை விட்டால் கணக்கு கெடும்

பறவைக் கணக்கெடுப்பு வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்களோடு முடிகிறது. மும்பையின் பாண்டுப்பிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தால், பெற்றோரில் பாதிப் பேர் மூன்று சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பிரித்துவிடுவோம்.

‘பையில்லா நாள்’ என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சொன்ன பத்து நாள். தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் கைவேலை பழக என்று எழுதப்பட்டது. வழிகாட்டு நெறிகள் வெளிவர 2024 ஜூலை ஆகிவிட்டது. ‘ஆனந்ததாயி ஷனிவார்’, அதாவது மகிழ்ச்சி தரும் சனிக்கிழமை, மகாராஷ்டிர அரசின் தனி ஏற்பாடு. சுற்றறிக்கை மொழியில் இரண்டுமே அனுபவக் கல்வி. கடிதங்களை நம்பினால், மரக்கன்றைப் பிடித்தபடி வரிசையில் நின்று படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பும் கல்வி. படம் போனதா என்று கேட்கிறார்கள், பிள்ளை என்ன பார்த்தது என்று கேட்பார் இல்லை என்கிறார் ஓர் ஆசிரியை.

மூன்றாவதுதான் இந்தக் கணக்கெடுப்பு. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2013 முதல் இந்தியாவிலும் நடக்கிறது. அரசு ஆணை எதுவும் இல்லை. சேராவிட்டால் மதிப்பெண் குறையாது. குறைந்தது 15 நிமிடம் பறவை பார்த்து, பட்டியலை ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் வித்தையை உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். பட்டியலின் முடிவில் வரும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்: உங்களுக்கு அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே பதில்.

பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் ஒரு வகுப்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கடை நீரேற்று நிலையம்தான். ஆனால் அதை ஒட்டிய அலையாத்திக் காடும் சேறும் பறவை பார்ப்பவர்களுக்குத் திருத்தலம். தாணே ஓடையின் பூநாரைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் துள்ளுவார்கள், நோட்டில் முதல் வரி அதுதான். தலைக்கு மேல் கரைந்த காகத்தையும், வரும் வழியெல்லாம் பார்த்த மாடப்புறாவையும் யாரும் எழுத மாட்டார்கள். அப்படிப்பட்ட பட்டியலில் காகம் இல்லாதிருப்பதற்கு அர்த்தமே இல்லை. ‘ஆம்’ என்று சொன்ன முழுப் பட்டியலில் காகம் இல்லையென்றால், அங்கே அந்த நேரத்தில் காகம் கண்ணில் படவில்லை என்பதற்கு அது சாட்சி. நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை வருகிறது என்று ஆண்டுதோறும் பார்த்தால், அது பெருகுகிறதா குறைகிறதா என்று மதிப்பிடலாம். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இந்த அடிப்படையில்தான் நின்றது: 942 இனங்கள், சுமார் 30,000 பேரின் பதிவுகள். சிட்டுக்குருவி நாடு முழுக்க அழிகிறது என்ற பேச்சையும், பெருநகரங்களில்தான் குறைகிறது, மற்றபடி பெரிய மாற்றமில்லை என்று அதற்கு முந்தைய 2020 அறிக்கை திருத்தியது.

சாமர்த்தியமான ஏற்பாடு. உறுத்துவதும் இதிலேயே இருக்கிறது. வட்டாரத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு பறவைக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எண் போட்டாலோ, இங்கே வராத பறவையை எழுதினாலோ தளம் விளக்கம் கேட்கும். உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார். ஆனால் காகத்தை விட்டுவிட்டு ‘ஆம்’ போட்டால் தளம் வாய் திறக்காது. மிகை பிடிபடும், விடுபட்டது பிடிபடாது. மரக்கன்றுக் கணக்கில் ஊறிய பள்ளிக்கூடத்துக்கு, கூட்டி எழுதுவதுதான் தப்பு என்று தெரியும். விட்டு எழுதுவதும் பொய்தான் என்பதை இந்த ஒரு கேள்விதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆசிரியர் அவசரத்தில் தானே ‘ஆம்’ போட்டுவிட்டால் அந்தப் பாடமும் போயிற்று.

இது வெறும் பள்ளிக்கூட விவகாரமல்ல. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு உப்பளங்களில் சுமார் 256 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புக்கான வாடகை வீடுகளுக்குக் கொடுக்க 2024-இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கடல்நீர் ஏறாத நிலம் என்கிறது அரசுத் தரப்பு. இருக்கலாம். அங்கே எது வந்தது, எது வரவில்லை என்று பின்னால் வாதாடப்போகிறவர்கள் இரு பக்கத்திலும் முழுப் பட்டியல்களைத்தான் தேடுவார்கள்.

இனி மற்ற கேள்விகள்.

நாற்பது பிள்ளைகள் போனால் நாற்பது பட்டியலா? சேர்ந்து பார்த்தால் ஒன்றே ஒன்று. தனித்தனியாக ஏற்றினால் ஒரு பூநாரைக் கூட்டம் நாற்பது ஆகிவிடும்.

பெயர் தெரியாத பறவை? விட்டுவிடலாம், அப்போதும் ‘ஆம்’தான், கேள்வி தெரிந்தவற்றைப் பற்றியது.

எண்ண முடியாத கூட்டம்? பத்துப் பத்தாக மதிப்பிட்டு எழுதுங்கள்.

யார் பெயரில் கணக்கு? சிறுவர்கள் பெயரில் வேண்டாம், ஆசிரியர் பெயரில் போதும்.

எந்த நேரம்? ஓதம் இறங்கிச் சேறு தெரியும்போது.

அனுமதி? வகுப்பாகப் போவதானால் வனத்துறையின் மாங்குரோவ் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

போகவே முடியாவிட்டால்? சால் குடியிருப்பின் மாடியிலிருந்து 15 நிமிடம். காகமும் புறாவும் மட்டும் வந்தாலும் அது முழுப் பட்டியல்தான்.