மண் சுமந்தவர்கள் பூதங்களான கதை

மொன்றியலில் வளரும் எமது பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் மேசையைச் சுற்றியிருந்து ஆடும் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். நினைத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும்.

இந்த விளையாட்டின் கதையுலகங்களில் பெயர்பெற்றது 'ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ்'. அதைக் கற்பனை செய்தவர் எட் கிரீன்வூட் என்ற கனடியர். அந்த உலகின் மேற்குக் கடலில் மூன்ஷே தீவுகள் இருக்கின்றன. 1987 இல் டக்ளஸ் நைல்ஸ் எழுதிய நாவல் அவற்றை விரிவாகக் காட்டியது. அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மக்களின் பழங்கதைகளைக் கலந்து செய்த தீவுகள் அவை. அங்கே மக்கள் நிலத்தைத் தாயாக வணங்குவார்கள். துரூயிட் பூசகர்கள் புனிதக் குளங்களைக் காப்பார்கள்.

அந்த நாவலில் 'ஃபிர்போல்க்' என்றொரு கூட்டம் வருகிறது. தீய சக்திக்குத் துணைபோகும் அசிங்கமான பூதங்கள். ஆனால் 11 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் தொகுக்கப்பட்ட 'லெபோர் கபாலா' என்ற நூலில் அவர்கள் மனிதர்கள். முன்னோர் நாட்டைவிட்டுக் கிரேக்கத்துக்குப் போய், அங்கே அடிமைகளாகி, பைகளில் மண் சுமந்து பாறை நிலத்தை வயலாக்கினார்கள். அதனாலேயே 'பை மனிதர்' என்ற பெயர் வந்ததாம். பின்னர் திரும்பி வந்து நாட்டை ஐந்தாகப் பிரித்து ஆண்டார்கள். அடுத்து வந்தவர்களிடம் போரில் தோற்றார்கள்.

தோற்றவர்கள் காலப்போக்கில் பூதமாவது எமக்குப் புதிதல்ல. விஜயன் வந்திறங்கியபோது இலங்கையில் இருந்தவர்களை மகாவம்சம் இயக்கர் என்கிறது. குவேனியும் அவர்களில் ஒருத்தி. கணக்கு எழுதும் எமக்குத் தெரியும்: பேரேடு யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதே வரவு, அவர் சொல்வதே செலவு.

ஐரிஷ் மக்களும் இந்த நகரத்துக்கு அகதிகளாகவே வந்தார்கள். 1847 இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்து, டைபஸ் காய்ச்சலில் இறந்த ஏறத்தாழ 6,000 பேர் விக்டோரியா பாலத்தருகே புதைக்கப்பட்டார்கள். பாலம் கட்டிய தொழிலாளர்கள் 1859 இல் அங்கே நட்ட கருங்கல் இன்றும் நிற்கிறது. வந்தவர்களின் பரம்பரையில் பெரும்பாலானோர் தமது மொழியை இழந்தார்கள். கதைகள் மட்டும் தப்பின. ஃபிர்போல்க் கூட 2016 இல் வெளிவந்த விளையாட்டு நூலில் காட்டைக் காக்கும் சாந்தமான இனமாக மாறிவிட்டது. பிள்ளைகள் அந்தப் பாத்திரத்தை விரும்பி எடுத்து ஆடலாம்.

இனி எமது பக்கம். இதே விளையாட்டின் அரக்கர் பட்டியலில் 'நாகா' உண்டு. அது மனித முகம் கொண்ட பெரும் பாம்பு. மணிமேகலையிலோ நாகர் மணிபல்லவத்து ஆசனத்துக்காகச் சண்டையிட்ட அரசர்கள். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? விளையாட்டின் விதிப்படி கதை சொல்பவர் எந்த உலகத்தையும் புதிதாக அமைக்கலாம். பேரப்பிள்ளைகள் தாயக்கட்டையோடு அடுத்தமுறை மேசைக்கு வரும்போது, அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அங்கே ஒரு கதிரை போட்டு வையுங்கள்.