நெற் கோணிகளில் ஒழுக்குப் பார்த்தல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் பாதையின் இருமருங்கிலும் இந்நாளில் தொழிற்சாலைகள் நிறைந்து காணப்படுகின்றன. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இப்பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி வேறு காரியங்களுக்குப் போய்விட்டது. ஆயினும் ஏரிகளின் கீழ் எஞ்சியுள்ள நஞ்செய்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய மூன்று பட்டங்களிலும் இன்னமும் நெல் விளைகிறது. நிலம் சுருங்கியிருக்கும் இடத்தில் விளைந்த நெல் வீணாகாமற் காப்பது முன்னிலும் அவசியமாகிறது. முற்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் குதிரோ பத்தாயமோ இருந்தது. இப்போது நெல்லானது களத்திலிருந்து நேரே மூட்டையாகிவிடுகிறது. விற்கும் வரையில் மூட்டையிலேயே இருக்கிறது. குதிரில் விழுந்த ஓட்டை அன்றே கண்ணிற் படும். நூறு மூட்டைகள் அடுக்கிய அட்டியில் நடு மூட்டையிலுள்ள ஓட்டையோ அட்டி பிரிக்கும் நாள் வரையில் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இது அற்ப விஷயமன்றோ எனச் சிலர் கருதலாம். கணக்கைப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. நெல் மூட்டையொன்று களத்திலிருந்து விற்பனைக்குச் செல்லும் வரையில் ஐந்து தடவை தூக்கி இறக்கப்படுகிறது என்றும், தடவைக்கு ஒரு பிடி, அதாவது 50 கிராம் சிந்துகிறது என்றும் கொள்வோம். மூட்டை ஒன்றுக்குக் கால் கிலோ. நூறு மூட்டைக்கு 25 கிலோ.

நெல் நஷ்டத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. சங்கக் கிடங்கில் அங்கத்தினர் ஒருவர் நூறு மூட்டைகளை ஈடு வைத்துக் கடன் பெறுகிறார். நான்கு மாதம் கழித்து மீட்கும்போது எடை குறைகிறது. "குமாஸ்தா எடுத்துவிட்டார்" என்று ஒருவர் சொல்லுவார்; "காவற்காரன் வீட்டில் பாருங்கள்" என்பார் மற்றொருவர். குற்றமற்றவன் தலை குனிவான். அடுத்த அறுவடைக்கு ஒருவரும் கிடங்குக்கு நெல் கொண்டுவர மாட்டார். 1904-ஆம் ஆண்டில் அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம நாணய சங்கம் ஏற்பட்டபோது, 'நாணயம்' என்ற சொல் பணத்தையும் குறித்தது, நேர்மையையும் குறித்தது. அவ்விரண்டில் பின்னதையே ஒழுகும் கோணி அரித்துவிடுகிறது.

ஆகவே எடை குறைந்தவுடன் எவரையும் சந்தேகிப்பதற்கு முன் மூன்று காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும்: காய்ச்சல், ஒழுக்கு, பூச்சியும் எலியும் தின்றது.

காய்ச்சலால் வரும் குறைவைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 100-க்கு 17 பங்கு ஈரமுள்ள நெல், நாளடைவில் 14 பங்கு ஈரத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நெல்லிலுள்ள சாரம் மாறுவதில்லை. முன்பு 100 கிலோவில் 83 கிலோ சாரம். பின்பும் அதே 83 கிலோ. ஆனால் அது இப்போது மொத்தத்தில் 100-க்கு 86 பங்காக நிற்கிறது. 83-ஐ 86-ஆல் வகுக்க, 100 கிலோ ஏறக்குறைய 96½ கிலோவாகிறது. 40 கிலோ மூட்டை 38 கிலோ 600 கிராமாக நிற்கும். நூறு மூட்டைக்கு ஏறக்குறைய 140 கிலோ குறைவு. ஒருவரும் ஒரு மணியும் எடுக்கவில்லை! இக்கணக்கு தெரியாமையால் விளைந்த மனஸ்தாபங்கள் பல. மூட்டையை வாங்கும்போது எடையுடன் ஈரப்பதத்தையும் புஸ்தகத்தில் எழுதி, அங்கத்தினரின் கையொப்பம் பெற்றுவிட்டால் பிற்பாடு வாதத்துக்கு இடமில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. சொர்ணவாரி நெல் ஆவணி புரட்டாசியில் அறுவடையாகி, ஐப்பசி கார்த்திகை அடைமழையைக் கிடங்கிலேயே கழிக்கிறது. அம்மாதங்களில் நன்கு காய்ந்த நெல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொள்ளுமே ஒழிய மேலும் காய்வதில்லை. அப்போது எடை குறைந்தால் "காய்ந்துவிட்டது" என்ற சமாதானம் செல்லாது. மூட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கும் விதம் எளிது. காலிக் கோணியை முதலில் உட்புறம் வெளியாகத் திருப்பி நன்றாக உதற வேண்டும். மூலைகளில் தங்கிய பழைய நெல்லும் அதிலுள்ள வண்டும் அப்போது வெளிப்படும். பின்பு இருண்ட அறையின் வாயிற்படியில் நின்று, கோணியின் வாயைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, சூரிய வெளிச்சத்தை நோக்கி உள்ளே பார்க்க வேண்டும். நெசவின் இடைவெளிகள் யாவும் ஒரே அளவான மங்கிய புள்ளிகளாகத் தோன்றும். அவற்றினிடையே பளீரென்று தெரியும் புள்ளியே ஓட்டை. சுண்ணாம்புக் கட்டியால் அங்கு ஒரு வட்டம் இட்டுவிடலாம். அடி மூலைகள் இரண்டையும், பக்கத் தையலையும் வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் போதாது. இரு கட்டை விரல்களாலும் தையலின் இருபுறமும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் இற்றுப்போன தையல் காலிப் பையில் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றி, பாரம் ஏறியபின் வாய் திறக்கும்.

நெல்லுக்கு ஒழுகாத கோணி கேழ்வரகுக்கு ஒழுகும். சிறு தானியம் கட்டுவோர் வெளிச்சத்தை மட்டும் நம்பாமல், பழைய வேஷ்டி ஒன்றைத் தரையில் விரித்து, கோணியில் இரண்டு மூன்று மரக்கால் தானியமிட்டு, முழங்கால் உயரத்திலிருந்து மூன்று முறை மெள்ளப் போட்டு எடுத்து, வேஷ்டியில் விழுந்ததைப் பார்க்க வேண்டும்.

சணற் கோணிக்கும் பிளாஸ்டிக் சாக்குக்கும் ஓட்டை விழும் விதமே வேறு. உணவு தானியங்களுக்குச் சணற் பையைக் கட்டாயமாக்கும் மத்திய சட்டம் 1987-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. எனினும் 2020-ஆம் ஆண்டில் ஊரடங்கால் சணல் ஆலைகள் மூடப்பட்டிருந்தபோது பிளாஸ்டிக் சாக்குகளுக்கும் அனுமதி தரப்பட்டது. குடியானவர் வீடுகளில் உரச் சாக்கு எப்போதுமே உண்டு. சணற் கோணியில் கொக்கி குத்தினால் இழைகள் விலகுகின்றன. அறாத இழைகளை விரல் நகத்தால் தேய்த்தால் பெரும்பாலும் மீண்டும் கூடிவிடும். பிளாஸ்டிக் சாக்கின் பட்டையிழையோ கீறினால் அற்றுவிடும். அங்கிருந்து கிழிசல் ஓடும். மேலும், வெயிலில் நெடுநாள் கிடந்த பிளாஸ்டிக் சாக்கு இற்றுப்போகிறது. ஓரத்தைக் கையில் கசக்கினால் தூளாக உதிருமாயின், ஓட்டை இல்லாவிடினும் அது தானியத்துக்கு உதவாது. தொழிற்சாலைகள் மலிந்த இப்பகுதியில் இரசாயனப் பொருள் வந்த காலிச் சாக்குகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. எத்தனை முறை அலசினாலும் அவற்றில் உணவு தானியம் கட்டலாகாது. ஓட்டையைக் கண்ணாற் காணலாம். விஷத்தைக் காண இயலாது.

நிறைந்த மூட்டைகளைப் பொறுத்தவரை, அட்டியின் அடியில் சிந்திய நெல்லே சாட்சி. சிறு கூம்பாகக் குவிந்த முழு நெல், நேர் மேலே உள்ள ஓட்டையைக் காட்டும். உமியும் கடித்த துணுக்குமாகச் சிதறியிருந்தால் எலி. ஓட்டையின் விளிம்பும் பிசிராக இருக்கும். தையலோரத்தில் மாவு படிந்திருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதற்குத் தைப்பது பரிகாரமன்று. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துளைகளுள்ள ஒரு குழாய்ப் பொறியை அமைத்திருக்கிறது. அதைத் தானியத்தினுள் செருகி வைத்தால் நடமாடும் வண்டுகள் துளை வழியே புகுந்து அடியில் விழுந்துவிடும்; உபத்திரவம் பெருகுமுன் அறிந்துகொள்ளலாம். இச்சாட்சியங்கள் தெரிய வேண்டுமானால் மூட்டைகள் சுவரை ஒட்டாமலும், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேலும் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பெருக்கியதைக் குப்பையிற் கொட்டுமுன் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

விதை நெல்லுக்கும் பயறுக்கும் இப்போது காற்றுப் புகாப் பைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையார் 1987-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் காமரூன் தேசத்துக் காராமணிக்காகத் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது அவற்றுள் ஒரு வகை: வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு, உள்ளே ஒன்றனுள் ஒன்றாக இரண்டு கெட்டியான பாலிதீன் பைகள். உள்ளே அகப்பட்ட பூச்சிகள் சுவாசித்துப் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுத் தாமே மடிகின்றன, மருந்து வேண்டியதில்லை. இதில் ஒழுக்கு என்பது தானிய ஒழுக்கன்று, காற்று ஒழுக்கு. ஊசித்துளையும் காரியத்தைக் கெடுக்கும். உட்பையைத் தனியே எடுத்து, வாயை விரித்து வீசிக் காற்றை நிரப்பி, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு இரு கைகளாலும் அணைத்து அழுத்த வேண்டும். சீறும் ஓசையைக் காதும், வரும் காற்றைக் கன்னமும் அறியும். இதில் நெல் நன்கு காய்ந்திருப்பது முக்கியம். உள்ளே சென்ற ஈரம் வெளியேற வழியின்மையால், ஈர நெல்லைக் கட்டினால் பூஞ்சணம் பூத்துவிடும். சணற் கோணி மூச்சு விடும், இது விடாது.

அட்டிக்குப் புகைமருந்து போடுவதாயின் விஷயம் வேறு. வாயு நெசவின் வழியே மூட்டையினுள் செல்லும். ஆனால் மேலே போர்த்தும் தார்ப்பாயில் கிழிசல் இருந்தால் பூச்சி பிழைக்கும், மனிதருக்கு ஆபத்து. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கொடிய விஷமாதலால், அனுமதி பெற்ற பயிற்சியாளரன்றி வேறெவரும் அதைத் தொடலாகாது; குடியிருக்கும் வீட்டில் ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

ஓட்டை கண்ட கோணியை எறிந்துவிட வேண்டியதில்லை. விரலளவுள்ளதைச் சணல் நூலும் கோணி ஊசியும் கொண்டு இழுத்துத் தைக்கலாம். அதனிற் பெரியதற்கு உட்புறமாக ஒட்டுத்துணி வைத்து, ஓட்டையின் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, இற்றுப்போகாத இடத்தில் சுற்றிலும் தையலிட வேண்டும். ஒட்டுப் போட்ட கோணிகளுக்கு மையால் ஓர் அடையாளம் இட்டு, அவற்றை அட்டியின் மேல் வரிசைக்கே உபயோகிப்பது நலம். அடி வரிசையின் பாரத்தை அவை தாங்கா. காலிக் கோணிகளை வெயிலில் ஒரு நாள் காயவைத்து, கட்டுக்கு இருபத்தைந்தாகக் கட்டி, எலி எட்டாதபடி கயிற்றில் தொங்கவிட்டு, கட்டுகளின் எண்ணிக்கையைக் காரியதரிசி சரக்குப் புஸ்தகத்தில் நெல்லுக்கு எதிரே தனிப் பத்தியில் பதிய வேண்டும்.