மூன்று மாதம் காத்திருக்கும் பணம்

பெருநிறுவனங்கள் எங்கே தவறு செய்கின்றன? சிறுவணிகர்களிடம் இப்படிக் கேட்டால், மலிவு விலையைக் காட்டித் தங்கள் வாடிக்கையாளர்களை ஈர்த்துக்கொள்கின்றன என்ற பதிலை எதிர்பார்க்கலாம். அந்தக் குறையும் உண்டு. ஆயினும், பெருநிறுவனங்களுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் சிறுதொழிலர்களின் பெரிய மனக்குறை வேறு. செய்த வேலைக்குரிய பணம் உரிய காலத்தில் கைக்கு வருவதில்லை என்பதே அது.

நால்வர் வேலை செய்யும் ஓர் அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பெருநிறுவனம் 20,000 வெள்ளிக்கு விளம்பரத் தாள்களை அச்சிட்டுத் தரச் சொல்கிறது. காகிதத்திற்கும் மைக்கும் 9,000 வெள்ளி ஆகிறது. காகிதம் விற்பவரோ பணத்தை வாங்கிக்கொண்ட பிறகே சரக்கை அனுப்புகிறார். வேலை முடிந்ததும் அச்சகம் விலைச்சீட்டை அனுப்புகிறது. 90 நாளில் பணம் தருவதுதான் அந்தப் பெருநிறுவனத்தின் வழக்கம். அதற்குள் மூன்று மாதச் சம்பளம், மூன்று மாத வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றையும் அச்சகம் கொடுத்தாக வேண்டும். கணக்கேட்டில் இலாபம் இருக்கிறது. பணப்பெட்டியில் காசு இல்லை. உரிமையாளர் வங்கியில் கடன் வாங்கினால், அதன் வட்டி இலாபத்தைத் தின்றுவிடும். கடன் கிடைக்காவிட்டால், இலாபத்தில் நடக்கும் அச்சகமும் மூடப்படலாம்.

பெருநிறுவனத்துக்கோ இந்த 90 நாளும் வட்டியில்லாக் கடன் போன்றவை. எனினும், எல்லாத் தாமதமும் திட்டமிட்டுச் செய்யப்படுவதில்லை. பொருளை வாங்கச் சொல்வது ஒரு பிரிவு. பணத்தைக் கொடுப்பது வேறொரு பிரிவு. ஒப்புதல் தருவது தலைமையகம். விலைச்சீட்டில் ஓர் எண் விடுபட்டால், காத்திருப்பு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கக்கூடும். ‘பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்’ என்பார்கள். இங்கே பூனை பல வேளைகளில் எலியைப் பார்ப்பதுகூட இல்லை.

தாமதத்தைக் கண்டித்துப் பேசினால் அடுத்த வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று சிறுதொழிலர் அஞ்சுகிறார். அதனால்தான் பல நாடுகள் சட்டத்தின் துணையை நாடின. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற சிறுதொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைத்தால் வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். கட்டுமானத் துறையில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. ‘எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்’ என்று முதன்மைக் குத்தகையாளர் துணைக் குத்தகையாளரிடம் நிபந்தனை போடுவது வழக்கமாக இருந்தது. சிங்கப்பூர் 2004ஆம் ஆண்டிலும் மலேசியா 2012ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்கள் அத்தகைய நிபந்தனையைச் செல்லாததாக்கின.

ஓவியர்கள், எழுத்தாளர்கள், வரைகலை வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் குறை சற்று மாறுபட்டது. ‘பணம் தர இயலாது, ஆனால், உங்கள் பெயர் பலருக்குத் தெரியவரும்’ என்று அவர்களிடம் சொல்லப்படுவதுண்டு. அச்சகத்தாரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை! போட்டி என்ற பெயரில் பலரிடம் வடிவங்களைக் கேட்டு வாங்கி, ஒருவருக்கு மட்டும் பணம் கொடுப்பதும் உண்டு. மற்றவர்களின் உழைப்பு கணக்கில் வராது.

படைப்புக்கு விலை வைப்பது உண்மையிலேயே கடினந்தான். 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் படித்துக்கொண்டிருந்த கேரோலின் டேவிட்சன், ஒரு காலணி நிறுவனத்திற்குச் சின்னம் வரைந்து கொடுத்தார். மணிக்கு 2 டாலர் என்ற கணக்கில் அவர் பெற்ற மொத்தத் தொகை 35 டாலர். அந்தச் சின்னந்தான் இன்று உலகெங்கும் காலணிகளில் காணப்படும் நைக்கியின் வளைகோடு. அன்று அந்நிறுவனமும் சிறியதே. ஆகவே, அது அவரை ஏமாற்றியது என்று சொல்வது நியாயமாகாது. மணிக்கணக்கால் ஒரு படைப்பின் மதிப்பை அளக்க முடியவில்லை என்பதே உண்மை. வளர்ந்த பிறகு, 1983இல், நிறுவனம் அவரை அழைத்து, அச்சின்னம் பொறித்த வைர மோதிரத்தையும் நிறுவனப் பங்குகளையும் வழங்கியது.

எல்லாருக்கும் இப்படிப் பிற்காலத்தில் பரிசு கிடைப்பதில்லை. அதனால், வேலை தொடங்குமுன் எழுத்து வடிவ ஒப்பந்தம் வேண்டும் எனப் படைப்பாளர்கள் கேட்கிறார்கள். நியூயார்க் நகரில் 2017 முதல் நடப்பிலுள்ள சட்டம், சுயதொழில் புரிவோருக்கு 800 டாலருக்குக் குறையாத வேலை கொடுத்தால் ஒப்பந்தத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது. பணம் தரும் நாள் குறிப்பிடப்படாவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில், 2018இல் அறிவிக்கப்பட்ட முத்தரப்புத் தர நிர்ணயம் இதையொத்த நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறது. அதை ஏற்கும் நிறுவனங்கள், செய்ய வேண்டிய வேலை, கட்டணம், பணம் தரும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன.