மயிலையில் கேமராவோடு ஒரு நடை

1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டு ஆண்டுதோறும் நடக்கும் சென்னை வாரத்தில் புகைப்பட நடைகளும் உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்கள் அவசியம் கலந்துகொள்ளுங்கள். ஊரை அறிந்த வழிகாட்டிக்கு வெயிலின் போக்கும் தெரியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. காலை வெயில் அதன் சுதைச் சிற்பங்கள்மேல் நேராக விழும். மாலையிலோ தெப்பக்குளத்தின் மேற்குக் கரைக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் மேற்குக் கோபுரம் பொன்னாக மின்னும். காற்று அடங்கியிருந்தால் தண்ணீரிலும் அப்படியே தெரியும். உச்சி வெயிலில் அந்த அழகு வராது.

மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவைப் படமெடுக்குமுன், "எடுத்துக்கலாமாம்மா?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி முதலில் சொல்லித்தருவது அதைத்தான். கோயிலுக்குள் கேமரா கொண்டுபோகலாமா என்பதை வாசலிலேயே விசாரித்துவிடுங்கள்.