ரிப்பீட்டர் கேபிளும் ஏமாற்றும் மீட்டரும்

ஹாம் ரேடியோ நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், அவர் கையில் உள்ள சின்ன வாக்கி டாக்கி எப்படி 40, 50 கிலோ மீட்டர் தாண்டிப் பேசுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "ரிப்பீட்டர் வழியாக" என்பார். மலை மீதோ உயரமான கட்டடத்தின் மீதோ இருக்கும் இந்தக் கருவி, ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்புகிறது. 2 மீட்டர் பேண்டில் இரண்டுக்கும் பெரும்பாலும் 600 கிலோ ஹெர்ட்ஸ் தான் இடைவெளி. டூப்ளெக்சர் என்ற ஃபில்டர் இருப்பதால் இரண்டு வேலைக்கும் ஒரே ஆண்டெனா, ஒரே கேபிள். புயலில் செல்போன்கள் ஓய்ந்து போகும்போது கை கொடுக்க வேண்டியது இது. மழைத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்குவதும் அப்போது தான்!

கேபிள் என்றால் டிவிக்கு வருவது போன்ற கோஆக்ஸியல் கேபிள் தான். டிவிக்கு 75 ஓம், ஹாம்களுக்கு 50 ஓம்.

ரிப்பீட்டர் எட்டும் தூரம் குறைந்தால் எல்லோரும் முதலில் எடுப்பது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஆண்டெனா ஏற்காமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று இது காட்டும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது. 1.5 காட்டினால் "ஆண்டெனா நன்றாக இருக்கிறது" என்று மூடி வைத்து விடுகிறார்கள். இங்கே தான் சிக்கல்.

ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 30 மீட்டர் போட்டால், 145 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் இழப்பு. அதாவது கால் பங்கு சக்தி தான் மேலே போய்ச் சேரும். ஆண்டெனா அறுந்து விழுந்திருந்தாலும், திரும்பி வரும் சக்தி இறங்கும் வழியில் இன்னொரு 6 டெசிபல் இழக்கும். கீழே மீட்டர் 1.7 தான் காட்டும்! தண்ணீர் புகுந்த நல்ல கேபிளும் இப்படித் தான் ஏமாற்றும். மழைக்குப் பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். முன்பை விட நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் தான் வரும்.

உங்கள் கம்ப்யூட்டர் இங்கே உதவும். நானோவிஎன்ஏ என்ற உள்ளங்கை அளவுக் கருவியை யுஎஸ்பி போர்ட்டில் செருகி, நானோவிஎன்ஏ சேவர் என்ற இலவச சாப்ட்வேரை இயக்குங்கள். ரிப்பீட்டரை முதலில் அணைத்து விடுங்கள். டிரான்ஸ்மிட்டர் சக்தி உள்ளே போனால் கருவி காலி. கேலிபரேஷன் செய்த பின், டவர் ஏறிப் பழகிய ஒருவரை விட்டு மேலே ஆண்டெனாவைக் கழற்றி, கேபிள் முனையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கீழ் முனையை நானோவிஎன்ஏவில் இணைத்து, 145 மெகா ஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸ் பாருங்கள். அதில் பாதி தான் கேபிளின் இழப்பு. 30 மீட்டர் ஆர்ஜி-213 என்றால் பாதி 3 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். 6 வந்தால் கேபிளை மாற்றுங்கள். காய வைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை வேண்டாம், உள்ளே செம்பு கறுத்திருக்கும். இதே சாப்ட்வேரில் டிடிஆர் பகுதி, பழுது எத்தனை மீட்டரில் என்றும் காட்டும். வேகக் காரணியாக 0.66 கொடுங்கள்.

மல்டிமீட்டரை நம்பி ஆண்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். பல ஆண்டெனாக்கள் மின்னல் பாதுகாப்புக்காக ஷார்ட் ஆகவே செய்யப்பட்டவை.

தண்ணீர் பெரும்பாலும் கனெக்டர் வழியாகவே நுழைகிறது. பிஎல்-259 மழை தாங்காது, என் டைப் போடுங்கள். சுற்றினால் தானே ஒட்டிக் கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டி விடும்.

காற்று அடிக்கும்போது மட்டும் கரகர சத்தம் வந்தால் அது வேறு கதை. தளர்ந்த இணைப்பில் எழும் நுண்ணிய பொறியை வாக்கி டாக்கி உணராது, ஏனெனில் அது பேசும்போது கேட்பதில்லை. ரிப்பீட்டர் இரண்டையும் ஒன்றாகச் செய்வதால் அந்த இரைச்சல் ரிசீவருக்குள் வந்து விடும். ரிப்பீட்டர் பேசிக் கொண்டிருக்கும்போது கீழே ஒவ்வொரு கனெக்டராக ஆட்டிப் பாருங்கள். எதைத் தொட்டால் சத்தம் மாறுகிறதோ அதை மாற்றுங்கள்.