வீட்டைக் காலி செய்யும் முன்

புது வீட்டுக்குப் போகும்போது பால் காய்ச்சுகிறோம், விளக்கேற்றுகிறோம், நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். பழைய வீட்டை விட்டுக் கிளம்பும்போது? சாமான் ஏத்துற அவசரம், அட்வான்ஸ் கணக்கு, சாவி ஒப்படைப்பு. அவ்வளவுதான்.

பதினொரு வருடம் இருந்த வாடகை வீட்டை இந்த மாதக் கடைசியில் விடப் போகிறோம். வீட்டுக்காரர் விற்கிறார், தகராறு எதுவும் இல்லை. ஆனால் அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "வாடகை வீடுதானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ?" என்று கேட்டார்கள் சொந்தக்காரர்கள். நியாயமான கேள்விதான். சொந்தமில்லாத வீட்டுக்காக மனுஷங்க ஏன் இப்படி வருந்துறாங்க என்று தேடியபோது படித்ததைக் குறித்து வைக்கிறேன்.

பாஸ்டனில் நடந்தது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்றொரு பகுதி இருந்தது. இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் என்று குடியேறி வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். பெரும்பாலும் வாடகை வீடுகள். நகர நிர்வாகம் அதைச் சேரி என்று முத்திரை குத்தி, 1958ல் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. ரெண்டே வருஷத்தில் பெரும்பகுதி தரைமட்டம்.

அந்த மக்களை வெளியேறும் முன்பும் பின்பும் பேட்டி கண்ட ஆய்வை 1963ல் எழுதியவர் மார்க் ஃப்ரைட் என்ற உளவியலாளர். 250 பெண்களில் 26 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்தும் வருத்தம் தீரவில்லை என்றார்கள். இன்னும் 20 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை அது நீடித்தது. 316 ஆண்களில் 38 சதவீதம் பேருக்கும் நீண்ட நாள் துக்கம் இருந்தது. நெருங்கியவரைப் பறிகொடுத்தவர் படும் துக்கத்தோடுதான் ஃப்ரைட் இதை ஒப்பிடுகிறார்.

அவர்கள் துரத்தப்பட்டவர்கள், நாமோ அப்படியில்லை. அந்த வித்தியாசம் பெரிது. ஆனாலும் அவர் கண்ட ஒன்று நமக்கும் பொருந்தும். அந்த மக்களுக்கு 'வீடு' வாசற்படியோடு முடியவில்லை. மாடிப்படி, தெரு, மூலைக்கடை, கூப்பிடு தூரத்தில் இருந்த உறவுகள் எல்லாம் சேர்ந்துதான் வீடு. அந்தப் பகுதியை அதிகம் விரும்பியவர்களுக்குத் துக்கமும் அதிகம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மனசு பார்ப்பதில்லை.

கை அறிந்த வீடு

கரண்ட் போனால் மெழுகுவத்தி இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகிறது. எந்தக் குழாயை ரெண்டு தடவை இறுக்கணும், எந்தக் கதவை லேசாகத் தூக்கித் தாழ்ப்பாள் போடணும் என்று யோசிக்காமலே செய்கிறோம். வருடக்கணக்கில் உடம்பு கற்றுக்கொண்ட இந்தப் பாடம் புது வீட்டில் ஒரே நாளில் செல்லாக்காசு ஆகிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். சமையலறையில் தயங்காமல் நடமாடியவர் உப்பு டப்பா எங்கே என்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்கிறவை

காலி அறைகளை போட்டோ எடுத்தால் சுவர்தான் பதிவாகும். அதனால் வேறு மாதிரி செய்கிறோம்.

1. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறை அறையாக நடந்து, அங்கங்கே நடந்ததைப் பேசச் சொல்லி போனில் ஒலிப்பதிவு. சாமான் கட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பொருளைப் பார்த்தால்தான் பேச்சு வரும்.

2. மோட்டார் சத்தம், கேட் திறக்கும் சத்தம், காலை ஆறு மணித் தெரு. தனித்தனியாக ஒவ்வொரு நிமிடம்.

3. நிலைப்படியில் பிள்ளைகள் உயரம் குறித்த பென்சில் கோடுகளை நீளக் காகிதம் ஒட்டி அப்படியே நகல் எடுத்தோம். பெயின்ட் அடித்தால் போய்விடும்.

4. சமையலறை அலமாரி ஒவ்வொரு தட்டையும் கலைக்காமல் ஒரு படம். புது வீட்டில் முதலில் அதே வரிசையில் அடுக்குவோம், மற்ற பெட்டிகள் காத்திருக்கட்டும்.

5. இஸ்திரிக்காரர், பால்காரர், மளிகைக்கடை அண்ணாச்சி, எதிர்வீட்டுப் பாட்டி. கடைசி நாள் அவசரத்தில் கையசைக்காமல், ஒரு வாரம் முன்பே போய் உட்கார்ந்து பேசுவது. நம்ம வழக்கத்தில் 'போறேன்' கிடையாது, 'போயிட்டு வரேன்'தான். அதற்கேற்ற மாதிரி ஒருமுறையாவது திரும்ப வர ஒரு தேதியும் சொல்லிவிட்டு வரலாம்.